ஏழாம் குழாய்

கிள்ளான்
23 ஆகஸ்டு 2024, வெள்ளி

அன்புள்ள கௌசலா அக்காவுக்கு,

ஏழாம் எண் கண்ணாடிக் குழாயின் கழுத்தில், மூடிக்குக் கொஞ்சம் கீழே, உங்கள் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. முதலில் அதைத்தான் பார்த்தேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிறது. நீங்கள் போய் மூன்று வாரமாகிறது.

அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இருமல் நின்றதா? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். பெரியம்மா நேற்று வந்து தைலம் கொடுத்துவிட்டுப் போனார்கள். உங்கள் அறையைத் தினமும் கூட்டுவதாகச் சொல்லச் சொன்னார்கள்.

“போன்ல கூப்பிட்டா நீ ‘ம்’தான் சொல்லுவ. எழுது” என்று விமான நிலையத்தில் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். ஆய்வகத்தில் குழாய்கள் இருக்கும் அறைக்குள் போனைக் கொண்டுபோக விடாததும் எனக்கு நல்லதாகப் போயிற்று. யாரும் படம் எடுத்து அனுப்பச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் காட்டிக்கொடுத்தபடி பன்னிரண்டு குழாய்களையும் கையால் தொடாமல், பின்னால் ஒரு கறுப்புத் தகடு, முன்னால் ஒரு கறுப்புத் தகடு வைத்துப் பார்த்தேன். குழாயின் அடியில் வண்ணமாக இருக்கிறது. மேலே இருட்டு. இரண்டுக்கும் நடுவே கோடு. ஏழில் அடியிலிருந்து நான்கு மில்லிமீட்டர். மற்றவற்றைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மூன்றில் கோடு இன்னும் வரவில்லை. நோட்டிலும் ‘வரவில்லை’ என்றே எழுதினேன். சரியா?

குழாய்க்குள் என்ன இருக்கிறது அக்கா? கண்ணாடிச் சாமான் கழுவுகிறவள் கேட்கலாமா என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
சுரேகா


உத்ரெக்ட்
6 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை சுரேகாவுக்கு,

இருமல் போய்விட்டது. சாப்பாடுதான் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக நாக்கைச் செத்துப்போகச் செய்கிறது. சித்தியின் முழங்காலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல். தைலம் போதாது.

‘வரவில்லை’ என்று எழுதியது சரியா என்று கேட்டிருந்தாய். அதுதான் சரி. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் குழாய்களை உன்னிடம் விட்டுவந்தேன். இல்யாஸ் அண்ணனிடம் விட்டிருந்தால் நான்கு வாரத்துக்கும் ஒரே நாளில் எழுதி முடித்திருப்பார். (அவரிடம் சொல்லிவிடாதே. ஏர்கோனையும் மிஷின்களையும் அவரைவிட நன்றாகப் பார்ப்பவர் யாரும் இல்லை.)

உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். ஒரு தட்டு நிறைய மீ கோரெங் நூடுல்ஸ். அதில் ஒரு கை பல்குச்சிகளைக் கொட்டிக் கிளறு. மீ நெளியும், குச்சி வளையாது. நம் குழாயில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத அளவில் அவைதான்: விறைத்த குச்சிகள் போன்ற மூலக்கூறுகளும், நெளிந்துகொண்டே இருக்கும் நீளச் சங்கிலிகளான பாலிமரும், தண்ணீரும். நெளிகிறவை தங்களுக்கு இடம் வேண்டி குச்சிகளை ஒதுக்குகின்றன. ஒதுங்கிய குச்சிகள் ஒன்றையொன்று ஒட்டி, ஒரே திசை பார்த்து, மெல்ல அடியில் சேர்கின்றன. அந்தக் கறுப்புத் தகடுகள் ஒளியை ஒரு திசையில் மட்டும் விடுகிறவை; குச்சிகள் ஒரே திசை பார்த்தால்தான் அவற்றுக்கு நடுவே வண்ணம். திசை இல்லாவிட்டால் இருட்டு. இவை பிரிந்து முடிய மாதங்கள் ஆகும். ஆகவே குலுக்காதே. அவசரப்படாதே. பார், எழுது. என் ஆய்வேட்டின் பாதி அந்தக் குழாய்த் தட்டில் நிற்கிறது.

கேட்கலாமா என்று இன்னொரு முறை கேட்டால் உதைப்பேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

கௌசலா அக்கா


கிள்ளான்
4 அக்டோபர் 2024, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்டதற்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னதால் எனக்குக் கஷ்டமில்லை. அங்கே குளிர் வந்துவிட்டதா? கம்பளிச் சட்டை வாங்கினீர்களா?

குச்சிகளை நான் நேற்று கொம்யூட்டர் ரயிலில் பார்த்தேன். கிள்ளானில் ஏறும்போது ரயில் காலி. ஆளுக்கொரு பக்கமாகக் குடையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஷா ஆலம் வந்ததும் கூட்டம் ஏறியது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாக் குடையும் நேராக நின்றன. வேறு எப்படியும் இடமில்லை. ‘இப்போது தகடு வைத்துப் பார்த்தால் இந்தப் பெட்டி வண்ணமாகத் தெரியும்’ என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. பக்கத்து ஆன்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இன்று ஏழில் ஒன்பது மில்லிமீட்டர். மூன்றிலும் கோடு வந்துவிட்டது! முதலில் நம்பாமல் மூன்று தரம் பார்த்தேன். ஒன்றரை. வண்ணங்களைப் பென்சிலால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

வரும் வெள்ளி ஆயுத பூஜை. கழுவுமிடத்தில் லோகேஸ்வரி அக்கா வருஷா வருஷம் செய்வாராம். படிப்பை விட்டதிலிருந்து வீட்டில் சரஸ்வதி பூஜைக்கு வைக்க என்னிடம் புத்தகம் இல்லை. தம்பி செந்தூரன் வைப்பான், நான் பூ மட்டும் போடுவேன். இந்த வருஷம் எனக்கும் வைக்க ஒரு நோட்டு இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

சுரேகா


கிள்ளான்
18 அக்டோபர் 2024, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

பூஜை நன்றாக நடந்தது. லோகேஸ்வரி அக்கா சுண்டல் கொண்டுவந்தார். இல்யாஸ் அண்ணனும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஏழில் 11ஆம் தேதி ஒன்பதரை. இன்று பத்து. மற்றவை தாளில்.

இந்த முறை படம் வரையவில்லை. பென்சில் தீர்ந்துவிட்டது.

சுரேகா


உத்ரெக்ட்
3 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

தீபாவளி வாழ்த்து, மூன்று நாள் தாமதமாக. இங்கே காலையிலிருந்து மழை. ஒரு முறுக்குக்காக யாரை வேண்டுமானாலும் காட்டிக்கொடுப்பேன் என்ற நிலையில் இருக்கிறேன். சித்திக்கு வலி குறைந்ததா?

உன் எண்களை வரைபடத்தில் வைத்தேன். அவ்வளவு சீராக ஏறுகின்றன. நீ வரைந்த படத்தை என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். இங்கே உள்ள பேராசிரியர் நின்று பார்த்துவிட்டு, “யார் வரைந்தது?” என்று கேட்டார். என் தங்கை என்றேன். குடைக் கதையையும் சொன்னேன். அவர் அதைத் தன் வகுப்பில் சொல்லப்போகிறாராம். உன் குடைகள் ஊர் தாண்டிவிட்டன, பார்த்தாயா?

புதுப் பென்சில் வாங்கிக்கொள். ஏழாம் குழாயை மட்டுமாவது வரைந்து அனுப்பு. கடைசிக் கடிதம் தந்தி மாதிரி இருந்ததே, யாராவது ஏதாவது சொன்னார்களா? சொன்னால் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா


கிள்ளான்
22 நவம்பர் 2024, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். அம்மா இப்போது மாடி ஏறுகிறார். பெரியம்மா முறுக்கு சுட்டு டின்னில் போட்டு உங்களுக்கென்று மூடி வைத்திருக்கிறார்கள். யாரையும் தொட விடுவதில்லை. செந்தூரன் மூடியைத் திறக்கப்போய் அடி வாங்கினான்.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

ஏழில் இன்று பன்னிரண்டரை. படம் வைத்திருக்கிறேன். முன்பு வரைந்தது போலவே இருக்கும்.

என் குடைக் கதையை வகுப்பில் சொல்ல வேண்டாம் என்று அந்தப் பேராசிரியரிடம் சொல்ல முடியுமா?

சுரேகா


உத்ரெக்ட்
12 டிசம்பர் 2024

என் தங்கச்சிக்கு,

உட்கார்ந்து வாசி. இல்யாஸ் அண்ணன் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நவம்பர் ஒன்பது, பத்து, சனி ஞாயிறு இரண்டு நாளும் அந்த அறையில் ஏர்கோன் நின்றுவிட்டதாம், வெப்பம் முப்பத்தொன்றுக்குப் போயிருந்ததாம். மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். சூடு ஏறினால் நெளியும் சங்கிலிகள் தளரும். கோடு துள்ளியிருக்க வேண்டும்.

ஓடிப்போய் உன் எண்களைப் பார்த்தேன். துள்ளவே இல்லை! பன்னிரண்டு குழாயிலும் ஒன்றுமே நடக்காதது போல வாரம் அரை மில்லிமீட்டர். பேராசிரியர் இரண்டு தரம் கேட்டார், “அளந்தவரை நம்பலாமா?” என்று. “என் கண்ணைவிட அவள் கண்ணை நம்புவேன்” என்றேன்.

ஜனவரி 13ஆம் தேதி, பொங்கலுக்கு முதல் நாள், இங்கே ஒரு கூட்டம். எழுபது பேர் வருவார்கள். நான் இதைப் பற்றிப் பேசுகிறேன். முதல் படத்திலேயே எழுதிவிட்டேன்: ‘அளவீடு: சுரேகா’. பள்ளியில் படிவம் மூன்று வரைதானே படித்தாள் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

சித்தியிடம் சொல். எல்லோரிடமும் சொல்.

பெருமையுடன்,
உன் அக்கா


கிள்ளான்
26 டிசம்பர் 2024

அக்கா,

நீங்கள் சுகமா என்று கேட்கவே எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

13ஆம் தேதி அதைப் பேசாதீர்கள். அந்த எண்கள் நான் பார்த்தவை அல்ல.

ஆயுத பூஜையன்று லோகேஸ்வரி அக்கா பிரஷ், டிராலி, பாத்திரம் கழுவும் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “என்னா புள்ள, துடைப்பத்துக்கெல்லாம் பொட்டு வெச்சாச்சு. உங்கக்கா படிக்கிற சாமானுக்கு ஒண்ணும் இல்லையா? சாமி அதுக்குத்தான்லா மொதல்ல கண்ணத் தொறக்கணும்” என்றார். அவர் வழக்கத்தில் அன்றைக்கு ஆயுதமெல்லாம் படுத்து ஓய்வெடுக்க வேண்டுமாம். நிற்க வைக்கக் கூடாதாம். அவர்மேல் பழி இல்லை. குழாய்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். தெரிந்தவள் நான்.

நீங்கள் குலுக்காதே என்றீர்கள். நான் குலுக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, தூசி துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, வெள்ளைத் துணியில் பக்கத்தில் பக்கமாகப் படுக்க வைத்தேன். உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்தேன். பத்து நிமிஷம். திரும்ப நிறுத்திவிட்டுத் தகடு வழியாகப் பார்த்தேன். கோடு எதிலும் இல்லை. ஈரத் தரையில் எண்ணெய் சிந்தினது போல மேலிருந்து அடிவரை வண்ணம் வண்ணமாக ஓடியது. அவ்வளவு அழகாக இருந்தது. பொட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

ஏழாம் குழாயை மட்டும் எடுத்துப் படுக்க வைக்கவில்லை. துடைத்தால் உங்கள் ரேகை போய்விடும் என்று தட்டிலேயே விட்டுவிட்டேன்.

நோட்டு பூஜையில் இருந்ததால் அன்று எழுதவில்லை. திங்கட்கிழமை எடுத்தபோது அந்த வெள்ளிக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. போன வார எண்ணோடு அரை கூட்டி எழுதினேன். அடுத்த வாரமும். அதற்குப் பிறகு அந்தத் தட்டுப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. கதவைத் திறப்பேன், எழுதுவேன், மூடுவேன். ஏழுக்கும் அப்படியேதான் எழுதினேன்.

நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று உங்களுக்குக்கூடச் சொன்னதில்லை. எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். பாதியில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து போகவில்லை. இந்தத் தடவை நின்றால் சிரிப்பார்கள் என்று, நிற்காமல் வாசித்துவிட்டேன். தாளில் இல்லாததை வாசித்துவிட்டேன்.

சுரேகா

3 ஜனவரி. இந்தக் கடிதம் எட்டு நாள் என் பையில் இருந்தது. தினமும் வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸ் தபால் நிலையம் வரை போய்த் திரும்பினேன். கடிதம் பையில் இருக்கும்போதே 27ஆம் தேதிக்கும் எண் எழுதினேன். இதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது போடுகிறேன்.


உத்ரெக்ட்
15 ஜனவரி 2025

சுரேகா,

உன் கடிதம் நேற்று வந்தது. நான் முந்தாநாள் பேசிவிட்டேன்.

12ஆம் தேதி உன் எண்ணிலிருந்து ஒரு தவறிய அழைப்பு. ஒரே ஒரு மணி. திரும்பக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. சித்திக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து என் அம்மாவைக் கூப்பிட்டேன். “எல்லாரும் நல்லாத்தான்லா இருக்கோம். நீ போய் நல்லா பேசு” என்றார். போய் நன்றாகப் பேசினேன். கை தட்டினார்கள்.

நேற்று அந்த எழுபது பேருக்கும் எழுதினேன், அந்த எண்கள் செல்லாது என்று. பேராசிரியர் அறைக்கு நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “நான் உங்களை இரண்டு முறை கேட்டேன்” என்றார்.

குழாய்களைப் படுக்க வைத்ததற்கு எனக்குக் கோபமில்லை. இதை நீ புரிந்துகொள்ள வேண்டும். பதினொரு குழாய்கள் கலைந்து, மறுபடி முதலிலிருந்து பிரியத் தொடங்கியிருக்கின்றன. ஒன்று மட்டும் கலையாமல் நின்றிருக்கிறது. கலைந்தவை கலையாததன் இடத்துக்கே திரும்பி வருகின்றனவா, எத்தனை வாரத்தில், இடையில் அந்தச் சூடு என்ன செய்தது? நானே திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு நல்ல சோதனை அமைந்திருக்காது. அது பன்னிரண்டு வாரம் அந்தத் தட்டில் நடந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

ஏழாம் குழாயைத் தொடவில்லை என்கிறாய். அதில் மறைக்க ஒன்றுமே இல்லையே. அதற்குமா பொய் எழுதினாய்?

நோட்டை என்ன செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. அதில் இருப்பது உன் கையெழுத்து.

கௌசலா


கிள்ளான்
31 ஜனவரி 2025, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். பெரியம்மா சுகம். முறுக்கு டின் இன்னும் மூடியபடியே இருக்கிறது. உங்கள் கடிதத்தின் அடியில் பெயர் மட்டும் இருந்தது. அந்த இடத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சுகமா?

12ஆம் தேதி கூப்பிட்டது நான்தான். முதல் மணியிலேயே வைத்துவிட்டேன். நீங்கள் திரும்பக் கூப்பிட்டபோது போன் என் கையில்தான் இருந்தது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை கழுவுமிடத்துக்குப் போகாமல் நேரே இல்யாஸ் அண்ணனிடம் போனேன். அவர் ஏதோ மிஷினைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த திருப்புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “அண்ணே, பூஜை அன்னிக்கு அக்கா டியூப எல்லாம் நான்தான் படுக்க வெச்சேன். அப்புறம் நோட்ல பொய்யா எழுதினேன்.” இரண்டு இடத்தில் நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, “ரேக்ல சந்தனம் காஞ்சு கெடந்துச்சு. நான்தான் தொடச்சேன்” என்றார். “யாருன்னு தெரியும்லா. கேட்டா நீ வேலைய விட்டு ஓடிருவேன்னு கேக்கல. நான் கேட்டிருக்கணும்.” பிறகு அறைச் சாவியை எடுத்து நீட்டினார். “போ. அவசரப்படாத. யாரும் வராம பாத்துக்கிறேன்.”

அறையில் குளிராக இருந்தது. நோட்டைத் திறந்தேன். அக்டோபர் 11லிருந்து டிசம்பர் 27 வரை பன்னிரண்டு வெள்ளி, வெள்ளிக்குப் பன்னிரண்டு எண். கிழிக்கவில்லை. ஒவ்வொரு எண்ணின் மேலும் அடியில் உள்ளது தெரியும்படி ஒரு கோடு போட்டேன். நூற்று நாற்பத்து நான்கு கோடு. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ‘பார்க்கவில்லை’ என்று எழுதி, என் பெயரை எழுதினேன். அக்டோபர் 11க்கு மட்டும், அன்று தகடு வழியாகப் பார்த்ததை எழுதினேன்: ‘படுக்க வைத்து நிறுத்திய பதினொன்றிலும் கோடு இல்லை. முழுக்க வண்ணம்.’ ஜனவரியின் நான்கு வெள்ளிகளும் காலியாக இருந்தன. அங்கேயும் ‘பார்க்கவில்லை’ என்று எழுதினேன்.

கோடு போட்டு அடித்தவற்றில் ஏழுக்குக் கடைசியாக நான் எழுதியிருந்தது பதினைந்து.

பிறகு தகடுகளை எடுத்துக்கொண்டு தட்டின் முன்னால் குனிந்தேன். ரேகை அங்கேயே இருந்தது. மூன்று தரம் அளந்தேன். பதினொன்று.

பதினொன்று என்று எழுதினேன். எட்டாம் குழாய்க்கு நகர்ந்தேன்.

சுரேகா